வெந்நீர் ஊற்றுக்கு விருந்தாளியாகப் போவோம்

உங்களுக்கு ஒரு வாளி வெந்நீர் வேண்டும். என்ன செய்வீர்கள்? அடுப்பை மூட்ட வேண்டும். விறகோ, எரிவாயுவோ, மின்சாரமோ செலவாகும். இறக்கி வைத்த சிறிது நேரத்தில் நீர் ஆறியும் போய்விடும். ஆனால் அடுப்பும் இல்லாமல், விறகும் இல்லாமல், இரவு பகல் ஓயாமல், சுற்றிலும் பனி மூடிக் கிடக்கும் காலத்திலும் வெந்நீர் சுரந்துகொண்டே இருக்கும் இடங்கள் இமயமலையில் உண்டு. அவற்றை வெந்நீர் ஊற்றுகள் என்கிறோம்.

அப்படிப்பட்ட ஓர் ஊற்றைப் பற்றித்தான் இப்போது பேசப் போகிறோம். அதன் பெயர் கீர்கங்கா. இமாசலப் பிரதேசத்தின் குல்லு மாவட்டத்தில் பார்வதி என்று ஓர் ஆறு ஓடுகிறது. புந்தர் என்னும் ஊரில் அது பியாஸ் ஆற்றோடு கலக்கிறது. புந்தரிலிருந்து பார்வதி ஆற்றை ஒட்டியே மேலே சென்றால் கசோல், மணிகரண் ஆகிய ஊர்கள் வரும். அவற்றையும் தாண்டிப் பர்ஷைனி என்ற இடத்தோடு பேருந்து நின்றுவிடும். அதற்கு மேல் நம் கால்கள்தாம் வண்டி. சுமார் 12 கிலோமீட்டர் நடக்க வேண்டும். வழியில் நக்தான் என்ற சிற்றூர்; அதன் பிறகு ருத்ரநாக் அருவி; அதற்குப் பின் அடர்ந்த காட்டின் ஊடே செங்குத்தான ஏற்றம். மூச்சு வாங்க ஏறி முடித்தால் ஒரு புல்வெளி. அங்கே, கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,950 மீட்டர் உயரத்தில், ஆவி பறக்கும் வெந்நீர்! நம் தமிழ்நாட்டின் தொட்டபெட்டாச் சிகரத்தைவிட இந்த இடம் 300 மீட்டர் உயரமானது.

கார்த்திகேயன், அதாவது நம் முருகன், இங்கே ஆயிரம் ஆண்டுகள் தவம் செய்தான் என்பது அவ்வூர் மக்கள் சொல்லும் கதை. ஆகவே பக்தர்களும் வருகிறார்கள். மலையேறும் இளைஞர்களும் வருகிறார்கள். கோடை விடுமுறையில் கூட்டம் மிகுதி. உங்களில் சிலரும் கல்லூரிக்குப் போன பிறகு, நண்பர்களோடு முதுகில் பை மாட்டிக்கொண்டு இங்கே போகக்கூடும். போக வேண்டும் என்பதே என் ஆசையும். ஆனால் எப்படிப் போவது? குளியலறைக்குள் நுழைபவரைப் போலவா, அல்லது பிறர் வீட்டுக்குள் நுழையும் விருந்தாளியைப் போலவா? விருந்தாளியைப் போலத்தான் போக வேண்டும் என்பது என் கருத்து. அதற்கான காரணங்களை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். படித்துவிட்டு நீங்களே முடிவு செய்யுங்கள்.

அடுப்பு எங்கே இருக்கிறது?

வெந்நீர் ஊற்று என்றதும், "அடியில் எரிமலை இருக்குமோ?" என்று உங்களுக்குத் தோன்றலாம். இமயமலையின் இந்தப் பகுதியில் உயிருள்ள எரிமலை எதுவும் இல்லை. அப்படியானால் வெப்பம் எங்கிருந்து வருகிறது?

பூமியைத் தோண்டிக்கொண்டே போனால் வெப்பம் ஏறிக்கொண்டே போகும். பொதுவாக ஒரு கிலோமீட்டர் ஆழத்துக்கு 25 முதல் 30 டிகிரி செல்சியஸ் வரை கூடுகிறது. மலைமேல் பெய்யும் மழையும், உருகும் பனியும் பாறை வெடிப்புகளின் வழியே கீழே இறங்குகின்றன. இறங்க இறங்கச் சூடேறுகின்றன. சூடான நீருக்கு அடர்த்தி குறைவு. ஆகையால் வேறொரு வெடிப்பின் வழியே அது மேலே ஏறி வருகிறது. பாறையில் வாய் கிடைத்த இடத்தில் ஊற்றாகப் பொங்குகிறது.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். பனி நீர் 10 டிகிரியில் இறங்குகிறது. 100 டிகிரி வரை சூடாக வேண்டும். அதாவது 90 டிகிரி ஏற வேண்டும். கிலோமீட்டருக்கு 30 டிகிரி என்றால், 3 கிலோமீட்டர் ஆழம் போய்வர வேண்டும்! இமயமலையில் இந்த ஆழம் சற்றுக் குறையலாம். இந்திய நிலத்தட்டு ஆசிய நிலத்தட்டின்மேல் மோதியதால் எழுந்த மலை அது. மலை உயர உயர, ஆறுகளும் பனியாறுகளும் மேற்பரப்பை அரித்துக்கொண்டே இருக்கின்றன. மேல் மூடி தேயத் தேய, ஆழத்தில் இருந்த சூடான பாறைகள் மேற்பரப்பை நெருங்குகின்றன. கிரானைட் போன்ற பாறைகளில் உள்ள யுரேனியம், தோரியம் ஆகிய கதிரியக்கத் தனிமங்கள் சிதையும்போதும் வெப்பம் வெளிப்படுகிறது. அடுப்பு இதுதான்.

இப்படி இறங்கி ஏறி வருவதற்கு நீருக்குப் பல ஆண்டுகள் ஆகும். சில ஊற்றுகளில் நூற்றுக்கணக்கான ஆண்டுகளும் ஆகலாம். நீங்கள் கையில் அள்ளும் ஒரு குவளை வெந்நீர், உங்கள் பாட்டி பிறப்பதற்கு முன் பெய்த பனியாகக்கூட இருக்கலாம். குழாயைத் திருகினால் வரும் நீரோடு இதைச் சேர்த்து எண்ணலாமா?

கீர்கங்காவுக்குப் போகும் வழியிலேயே உள்ள மணிகரணில் இன்னொரு வேடிக்கை பார்க்கலாம். அங்கே ஊற்று நீர் கொதிநிலையை ஒட்டியே வெளிவருகிறது. அரிசியைத் துணியில் மூட்டையாகக் கட்டி அதற்குள் இறக்கி, சோறாக எடுக்கிறார்கள். குருத்வாராவிலும் கோயிலிலும் இந்த வெந்நீர் சமையலுக்குப் பயன்படுகிறது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அங்கே நீர் கொதிப்பது 100 டிகிரியில் அன்று. உயரம் கூடக் கூடக் காற்றழுத்தம் குறைவதால், ஏறத்தாழ ஒவ்வொரு 300 மீட்டருக்கும் கொதிநிலை ஒரு டிகிரி இறங்கும். கீர்கங்காவின் உயரத்தில் நீர் சுமார் 90 டிகிரியிலேயே கொதித்துவிடும். லடாக்கில் 4,400 மீட்டர் உயரத்தில் உள்ள பூகா பள்ளத்தாக்கின் ஊற்றுகள் 84 டிகிரியிலேயே தளதளவென்று கொதிக்கின்றன. பாடப் புத்தகத்தில் ஒரு வரியாகப் படித்ததை இங்கே கண்ணால் காணலாம்.

வெந்நீரில் குடித்தனம்

இவ்வளவு சூட்டில் எந்த உயிர் வாழும் என்று நினைக்கிறீர்களா? 1960-களின் தொடக்கத்தில் விஞ்ஞானிகளிலும் பலர் அப்படித்தான் நினைத்தார்கள். பாலைக் காய்ச்சுவது கிருமிகளைக் கொல்வதற்குத்தானே? அப்படியிருக்க, ஓயாமல் காய்ந்துகொண்டே இருக்கும் நீரில் உயிர் ஏது?

அமெரிக்காவின் எல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் வெந்நீர் ஊற்றுகள் ஏராளம். அங்கே ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார் தாமஸ் பிராக் என்ற நுண்ணுயிரியல் அறிஞர். ஊற்றுகளின் ஓரத்தில் மஞ்சளாகவும் இளஞ்சிவப்பாகவும் படிந்திருந்தவை அவர் கண்ணை உறுத்தின. அவை வெறும் தாது உப்புகள் அல்ல; உயிர்கள்! 1966-இல் அவரும் ஹட்சன் ஃப்ரீஸ் என்ற மாணவரும் மஷ்ரூம் ஊற்று எனப்படும் ஓர் ஊற்றிலிருந்து எடுத்த மாதிரியில், 70 டிகிரிச் சூட்டில் சுகமாக வளரும் ஒரு பாக்டீரியாவைக் கண்டார்கள். 1969-இல் அதற்குத் தெர்மஸ் அக்வாட்டிகஸ் என்று பெயரிட்டு உலகுக்கு அறிவித்தார்கள். ஃப்ரீஸ் அப்போது இளங்கலை படித்துக்கொண்டிருந்த மாணவர் என்பதை நினைவில் வையுங்கள்.

"வெந்நீரில் ஒரு கிருமி இருந்தால் எனக்கென்ன?" என்று கேட்கத் தோன்றுகிறதா? மேலே படியுங்கள்.

1983-இல் கேரி மல்லிஸ் என்ற வேதியியல் அறிஞர், டி.என்.ஏ. மூலக்கூறு ஒன்றைக் கோடிக்கணக்காகப் பெருக்கும் வழி ஒன்றைக் கண்டுபிடித்தார். அதுதான் பி.சி.ஆர். எனப்படும் முறை. டி.என்.ஏ.-வின் இரண்டு இழைகளையும் பிரிக்க ஒவ்வொரு சுற்றிலும் அதை ஏறத்தாழ 95 டிகிரிக்குச் சூடாக்க வேண்டும். பிறகு ஒரு நொதி, பிரிந்த இழை ஒவ்வொன்றுக்கும் துணை இழை கட்டும். ஒன்று இரண்டாகும், இரண்டு நான்காகும். 30 சுற்றுகள் முடிந்தால் ஒரு மூலக்கூறு 107 கோடிக்கும் மேல் ஆகிவிடும். 2-ஐ 30 முறை பெருக்கிப் பாருங்கள், தெரியும். ஆனால் ஒரு தொல்லை. சாதாரண நொதி இந்தச் சூட்டில், வெந்த முட்டையைப் போல, உருக்குலைந்துவிடும். சுற்றுக்குச் சுற்றுப் புதிய நொதியைச் சேர்த்தாக வேண்டும். சூட்டிலும் கெடாத நொதி எங்கே கிடைக்கும்? வெந்நீரிலேயே பிறந்து வளரும் உயிரிடம்தானே! தெர்மஸ் அக்வாட்டிகஸின் நொதி கைகொடுத்தது. 1993-இல் மல்லிஸுக்கு வேதியியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. 2020-இல் கொரோனா பரவியபோது, மூக்கில் பஞ்சுக் குச்சியை விட்டுச் செய்த சோதனை உங்களுக்கு நினைவிருக்கும். அதன் அடிப்படை இந்த முறைதான்.

யாரும் பொருட்படுத்தாத ஓர் ஊற்றின் ஓரத்து வழுவழுப்பு, உலகம் முழுவதும் நோயைக் கண்டறிய உதவியிருக்கிறது. நம் இமயமலை ஊற்றுகளிலும் இப்படி வெப்பம் தாங்கும் நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. நம் நாட்டு விஞ்ஞானிகள் மணிகரண், பூகா போன்ற இடங்களிலிருந்து அவற்றைப் பிரித்தெடுத்து ஆராய்ந்து வருகிறார்கள். கந்தகம் கலந்த ஊற்றுகளில் பாலாடை போலவும், நூல் நூலாகவும் மிதக்கும் வெண்ணிறப் பொருளைப் பார்த்தால் "அழுக்கு" என்று ஒதுக்கிவிடாதீர்கள். அவற்றில் பல, கந்தகச் சேர்மங்களிலிருந்து ஆற்றல் பெற்று வாழும் பாக்டீரியாக்களின் கூட்டங்கள். வெயில் வேண்டாம், சோறு வேண்டாம். பூமிக்குள்ளிருந்து வருவதை உண்டு வாழும் குடித்தனம்! ஊற்றின் வீட்டுக்காரர்கள் அவர்கள். நாம் வந்து போகிறவர்கள்.

நிறம் மாறிய குளம்

இனி விருந்தாளிகள் தவறாக நடந்தால் என்ன ஆகும் என்று பார்ப்போம். இதற்கும் எல்லோஸ்டோனில்தான் சான்று இருக்கிறது.

அங்கே "மார்னிங் குளோரி" என்று ஒரு வெந்நீர்க் குளம் உண்டு. அது ஒரு கொடிப் பூவின் பெயர். குளத்தின் வடிவமும் ஆழ்ந்த நீல நிறமும் அந்தப் பூவை நினைவூட்டியதால் அப்பெயர் வைத்தார்கள். 1971 வரை பூங்காவின் முக்கியச் சாலை குளத்தின் அருகிலேயே சென்றது. வண்டியை நிறுத்தினார்கள், இறங்கினார்கள், வேண்டிக்கொண்டு காசு போட்டார்கள். சிலர் கல் எறிந்தார்கள். கையில் இருந்த குப்பையையும் போட்டார்கள். 1950-இல் குளத்தின் நீர்மட்டத்தைக் குறைத்துத் துப்புரவு செய்தபோது ஆயிரக்கணக்கான சில்லறைக் காசுகளும், கைக்குட்டைகள் முதலான பொருள்களும் வெளிவந்தன.

காசு போட்டால் நீருக்கு என்ன கேடு? குளத்தின் அடியில் வெந்நீர் வருகின்ற வாய் ஒன்று இருக்கிறது. போட்டவை அந்த வாயை அடைத்தன. வெந்நீர் வரத்துக் குறைந்தது. குளத்தின் வெப்பநிலை இறங்கியது. முன்பு நடுப்பகுதியின் சூட்டைத் தாங்க முடியாமல் ஓரத்தோடு நின்ற பாக்டீரியாக்கள், சூடு தணிந்ததும் உள்ளே பரவின. ஒளிச்சேர்க்கை செய்யும் பாக்டீரியாக்கள் சுமார் 73 டிகிரிக்கு மேல் வாழ்வதில்லை. அதற்குக் கீழே இறங்கினால் அவற்றுக்குக் கொண்டாட்டம். ஆழ்ந்த நீலமாக இருந்த குளம் இன்று நடுவில் பச்சையாகவும், ஓரத்தில் மஞ்சளும் ஆரஞ்சுமாகவும் இருக்கிறது. பார்ப்பவர்கள், "ஆகா, என்ன அழகு!" என்று படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். அந்த அழகு ஒரு நோயின் அறிகுறி என்று அவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

எந்த ஒருவரும் அந்தக் குளத்தைக் கெடுக்க எண்ணவில்லை. ஒவ்வொருவரும் போட்டது ஒரே ஒரு காசு. "என் ஒரு காசினால் என்ன ஆகிவிடும்?" என்று ஆயிரம் பேர் எண்ணினார்கள். அவ்வளவுதான்.

காசுக்கு ஆனது சோப்புக்கும் ஆகும். "ஓடுகிற நீர்தானே, சோப்பு அடித்துக்கொண்டு போய்விடும்" என்று சிலர் சொல்வார்கள். அடித்துக்கொண்டு எங்கே போகும்? கீழே உள்ள ஓடைக்கு. ஓடை பார்வதி ஆற்றுக்கு. வழியில் ஆடு மாடுகளும் மனிதர்களும் இருக்கிறார்கள். மேலும், கொரோனாக் காலத்தில் சோப்பால் கை கழுவச் சொன்னார்களே, ஏன்? வைரசின் கொழுப்புறையைச் சோப்புக் கரைத்துவிடும் என்பதால். பாக்டீரியாவின் செல் சவ்வும் கொழுப்பினால் ஆனதுதான். நம் கையில் உள்ள கிருமிக்குப் பகையான சோப்பு, ஊற்றில் உள்ள நுண்ணுயிருக்கு மட்டும் நண்பனாகிவிடுமா? ஒரு நாளைக்கு 100 பேர், ஆளுக்கு 5 கிராம் சோப்பு என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு அரைக் கிலோ. ஒரு மாதத்தில் 15 கிலோ. ஒரு சிறிய ஊற்றின் வாய்க்கால் அதைத் தாங்குமா என்று எண்ணிப் பாருங்கள்.

கீர்கங்காவில் நல்ல வழக்கம் ஒன்று உண்டு. நீர் பிறக்கும் இடம் வேறு, குளிக்கும் தொட்டி வேறு. ஆண்களுக்குத் திறந்த தொட்டி; பெண்களுக்குச் சுவர் சூழ்ந்த தனித் தொட்டி. தொட்டிக்குள் சோப்பும் ஷாம்புவும் கூடாது என்பது அங்குள்ள விதி. பக்தியினால் வந்த வழக்கமானாலும், அதில் விஞ்ஞானம் ஒளிந்திருக்கிறது. வெளியூரிலிருந்து போகிற நாம்தான் அதைக் காப்பாற்ற வேண்டும்.

சாலை வேண்டுமா?

இப்போது என் முக்கியமான கருத்துக்கு வருகிறேன். இதில் உங்களில் சிலர் என்னோடு மாறுபடலாம். தொலைவில் உள்ள மலை ஊற்றுகளுக்குச் சாலை போடக் கூடாது. நடந்து போகும் தொலைவே அவற்றுக்குக் காவல்.

ஒரே பார்வதிப் பள்ளத்தாக்கில் இரண்டு வகையையும் பார்க்கிறோம். மணிகரணுக்குப் பேருந்து போகிறது. அங்கே கட்டடங்கள் ஊற்றுகளை நெருக்கிக்கொண்டு நிற்கின்றன. வெந்நீர் குழாய்களிலும் தொட்டிகளிலும் அடங்கிவிட்டது. கீர்கங்காவுக்கு நடந்துதான் போக வேண்டும். அப்படியிருந்தும் அங்கே கூட்டம் பெருகி, புல்வெளி முழுவதும் கூடாரக் கடைகள் முளைத்தன, குப்பை குவிந்தது. 2018-இல் உயர்நீதிமன்ற உத்தரவைத் தொடர்ந்து வனத்துறை அவற்றை அகற்ற வேண்டியதாயிற்று. 2010-இல் அறிவிக்கப்பட்ட கீர்கங்கா தேசியப் பூங்காவின் வாசலில் இந்த நிலை! 12 கிலோமீட்டர் நடை இருக்கும்போதே இப்படியென்றால், வாசல் வரை கார் போனால் என்ன ஆகும்?

"நடக்க முடியாத முதியவர்களும் நோயாளிகளும் வெந்நீர் ஊற்றைப் பார்க்க வேண்டாமா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அவர்களுக்கு மணிகரண் இருக்கிறது. மணாலிக்கு அருகே வசிஷ்ட் இருக்கிறது. இரண்டுக்கும் வண்டியில் போகலாம். எல்லா ஊற்றையும் ஒரே மாதிரி ஆக்கிவிட வேண்டும் என்பதில்லை. சிலவற்றைச் சாலைக்குக் கொடுப்போம். சிலவற்றைக் காலுக்கு விட்டுவைப்போம்.

"மலைவாழ் மக்களுக்குப் பிழைப்பு வேண்டாமா?" என்றும் கேட்பீர்கள். கட்டாயம் வேண்டும். கணக்குப் பாருங்கள். காரில் வருபவர் காலையில் வந்து மாலையில் திரும்பிவிடுவார். நடந்து வருபவருக்கு வழிகாட்டி வேண்டும். வழியில் தேநீர் வேண்டும். கீழே உள்ள ஊரில் ஓர் இரவேனும் தங்க வேண்டும். இரண்டு வேளை உணவு வேண்டும். யாரால் ஊருக்கு வரும்படி அதிகம்? மலையில் உள்ள ஊருக்கு மருத்துவமனைக்கும் பள்ளிக்கும் போகச் சாலை கேட்டால், அதற்கு நான் முதலில் கை தூக்குவேன். ஊருக்குச் சாலை வேறு. ஊற்றுக்குச் சாலை வேறு.

ஓர் ஊற்றை இழப்பது மிக எளிது. அதே இமாசலத்தில் சட்லெஜ் ஆற்றங்கரையில் தத்தாபானி என்ற புகழ்பெற்ற வெந்நீர்த் துறை இருந்தது. 2015-ஐ ஒட்டிக் கோல் அணையின் நீர்த்தேக்கம் நிரம்பியபோது, கரையில் இருந்த பழைய ஊற்றுகள் மூழ்கிப் போயின. பின்னர் நிலத்தைத் துளைத்து வெந்நீரை மேலே கொண்டுவந்தார்கள். மின்சாரம் நமக்கு வேண்டும்தான். ஆனால் எதைக் கொடுத்து எதைப் பெறுகிறோம் என்று தெரிந்து கொடுக்க வேண்டும் அல்லவா?

அடக்கம் காட்டினால் ஊற்று மீளும் என்பதற்கும் சான்று உண்டு. நியூசிலாந்தின் ரோட்டோருவா நகரத்தில் வீடுகளையும் விடுதிகளையும் சூடாக்க மக்கள் கண்ட இடத்திலெல்லாம் துளைக் கிணறு போட்டு வெந்நீரை எடுத்தார்கள். அருகில் இருந்த ஊற்றுகளும் பீறிடும் வெந்நீர்த் தாரைகளும் தளர்ந்தன. 1986-இல் அரசு, போஹுட்டு என்ற பெரிய தாரையைச் சுற்றி 1.5 கிலோமீட்டருக்குள் இருந்த கிணறுகளை மூட உத்தரவிட்டது. எதிர்ப்பு பலமாகத்தான் இருந்தது. ஆனால் பிறகு நிலத்தடி நீர்மட்டம் உயர்ந்தது. ஓய்ந்திருந்த ஊற்றுகளில் சில மீண்டும் பொங்கின.

போகிறவர்களுக்குச் சில சொற்கள்

நீங்கள் போகும் நாளில் இவற்றை மனத்தில் கொள்ளுங்கள்.

சூட்டை மதியுங்கள். மணிகரண் போன்ற இடங்களில் நீரின் தெளிவைக் கண்டு கை வைத்துவிடாதீர்கள். 60 டிகிரி நீர் சில விநாடிகளிலேயே தோலைச் சுட்டுவிடும். நீரின் நிறத்தைக் கொண்டு அதன் வெப்பத்தைச் சொல்ல முடியாது. ஊற்றின் ஓரத்தில் உறுதியாகத் தெரியும் தரை வெறும் உப்புப் பொருக்காக இருக்கலாம். அடியில் கொதிநீர் இருக்கும். எல்லோஸ்டோனில் இப்படித் தடம் மாறி நடந்து உயிரிழந்தோர் உண்டு. பிறர் நடந்த தடத்திலேயே நடங்கள்.

ஏறி வந்த களைப்போடு உடனே தொட்டியில் இறங்காதீர்கள். முதலில் உட்கார்ந்து நீர் அருந்துங்கள். வெந்நீரில் இரத்தக் குழாய்கள் விரியும்; இரத்த அழுத்தம் இறங்கும்; எழுந்தவுடன் தலை சுற்றும். பத்து நிமிடம் போதும். தலையை நீருக்குள் அமிழ்த்தாதீர்கள். மூளையைத் தாக்கும் ஒருவகை அமீபா வெதுவெதுப்பான நன்னீரில் வாழக்கூடியது. அது மூக்கின் வழியேதான் உள்ளே நுழைகிறது. அந்த நோய் மிக அரிது; ஆனால் வந்தால் பிழைப்பதும் அரிது. மூக்கில் நீர் ஏறாமல் பார்த்துக்கொண்டால் அச்சமில்லை.

மழைக்காலத்தில் போகாதீர்கள். 2023 ஜூலையில் குல்லு மாவட்டம் பெருவெள்ளத்தில் எவ்வளவு துன்பப்பட்டது என்பதைச் செய்திகளில் படித்திருப்பீர்கள். தனியே போகாதீர்கள், பாதை திறந்திருக்கிறதா என்று ஊர்க்காரர்களைக் கேட்டுவிட்டு, வழிகாட்டி ஒருவரோடு போங்கள். இருட்டுவதற்குள் போய்ச் சேருங்கள்.

சோப்பு, ஷாம்பு, எண்ணெய் மூன்றும் பையிலேயே இருக்கட்டும். காசும் பூவும் கல்லும் ஊற்றில் விழ வேண்டாம். கல்லை அடுக்கி நீரை மறிக்கவும் வேண்டாம். ஓரத்துப் படிவைச் சுரண்டி எடுத்து வரவும் வேண்டாம். மாதிரி எடுப்பது அனுமதி பெற்ற ஆராய்ச்சியாளர்களின் வேலை. கொண்டுபோன பிளாஸ்டிக் உறையைக் கொண்டுபோன பையிலேயே திரும்பக் கொண்டுவாருங்கள். மேலே போகும்போது நிறைந்திருந்த பை, இறங்கும்போது காலியாக இருக்கும், இடத்துக்குப் பஞ்சமில்லை.

இத்தனை "வேண்டாம்" சொன்ன நான், சில "வேண்டும்"களையும் சொல்லியாக வேண்டும். ஒரு வெப்பமானி கொண்டுபோங்கள். வாய்க்காலில் நீர் ஓடிவரும் வழியில், ஓரத்தில் பாதுகாப்பாக நின்றபடி, ஐந்தைந்து அடிக்கு ஒருமுறை வெப்பநிலையைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வோரிடத்திலும் படிவின் நிறத்தையும் எழுதுங்கள். வெப்பம் இறங்க இறங்க நிறம் எப்படி மாறுகிறது? எந்த வெப்பநிலையில் பச்சை தொடங்குகிறது? காலையில் எடுத்த கணக்கும் மாலையில் எடுத்த கணக்கும் ஒன்றா? தேநீர்க் கடையில் நீர் கொதிக்கும்போது, கடைக்காரர் அனுமதியோடு அதன் வெப்பநிலையையும் பாருங்கள். 90-ஐ ஒட்டி இருக்கிறதா? ஊருக்குத் திரும்பியதும் இவற்றை வரைபடமாக்கினால், உங்கள் வகுப்புக்கே ஒரு பாடம் கிடைத்துவிடும். 1966-இல் ஹட்சன் ஃப்ரீஸ் என்ற மாணவரின் கையிலும் பெரிய கருவிகள் இருக்கவில்லை. கவனமாகப் பார்க்கும் கண் இருந்தது.

நம் நாட்டில் வெந்நீர் ஊற்றுகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. 1882-இலேயே இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை ஏறத்தாழ 300 ஊற்றுகளைப் பட்டியலிட்டு வெளியிட்டது. ஊற்றுகள் இருக்கும் இடங்கள் நமக்குத் தெரியும். அவற்றுள் வாழும் உயிர்களில் இன்னும் பெயர் வைக்கப்படாதவை எத்தனையோ! நாளைக்கு ஒரு நோய்க்கு மருந்தோ, ஓர் ஆலைக்கு நொதியோ அவற்றில் ஒன்றிலிருந்து வரலாம். அதைக் கண்டுபிடிப்பவர் இந்தப் பக்கத்தைப் படித்துக்கொண்டிருக்கும் ஒருவராகவும் இருக்கலாம். ஆனால் அதுவரை அந்த உயிர் ஊற்றில் பிழைத்திருக்க வேண்டும் அல்லவா?

ஆகவே, போங்கள். கால் வலிக்க நடங்கள். ஆவி பறக்கும் நீரில் பத்து நிமிடம் உட்கார்ந்து, பனிச் சிகரங்களைப் பாருங்கள். வீட்டுக்காரர்களுக்குத் தொல்லை தராமல் எழுந்து வாருங்கள். உங்களுக்குப் பின்னால் வருபவர், அங்கே ஒருவர் வந்து போனார் என்பதையே அறியாதபடி வாருங்கள். நல்ல விருந்தாளிக்கு அதுவே அடையாளம்.